மூன்று ஈயக் குண்டுகள்

2022 கோடையில் மூன்று மாதம் மகள் வீட்டில் ஜெர்மனியில் இருந்தேன். என்னை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று மாப்பிள்ளைக்குப் பெரிய குழப்பம். கோட்டை, தேவாலயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒருநாள், "மாமா, உங்களுக்கு நிலம், வரைபடம் எல்லாம் பிடிக்குமே. ரோமானியப் படை அழிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு, போலாமா?" என்றார். அப்படித்தான் ஆஸ்னபுரூக் நகருக்கு வடக்கே உள்ள கால்க்ரீஸ என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. துருப்பிடித்த இரும்புத் தகடுகளாலேயே கட்டிய உயரமான கோபுரம் ஒன்று தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே கூட்டமெல்லாம் ஓர் இரும்பு முகமூடியின் முன்னால்தான். ரோமானியக் குதிரைவீரன் ஒருவன் முகத்தில் அணிந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் அப்படியே இருக்கிறது. மகள் அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். நானோ ஈயக் குண்டுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். சிறியதாக, பாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும் என்று படித்திருந்தேன். பழைய இரும்புக் கடையில் போட்டால் டீ குடிக்கக்கூடக் காசு தேறாத சரக்கு. ஆனால் முந்நூறு நானூறு வருஷம் அறிஞர்கள் அடித்துக்கொண்ட வழக்கில் சாட்சி சொன்னவை அவைதான். நான் நில அளவைத் துறையில் 34 வருஷம் சங்கிலி இழுத்தவன். சாட்சி என்றால் எனக்குத் தனி மரியாதை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

கி.பி. 9ஆம் ஆண்டு. ரோமில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி. ரைன் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த ஜெர்மானியக் குடிகளை அடக்கி, வரி வசூலிக்கும் மாகாணமாக மாற்ற வாருஸ் என்ற ஆளுநரை அனுப்பியிருந்தார். கோடை முகாம் முடிந்து வாருஸ் திரும்பிக்கொண்டிருந்தார். அவருடன் 17, 18, 19 என்று எண்ணிட்ட மூன்று லீஜியன்கள். துணைப் படைகளையும் சேர்த்தால் 15,000 முதல் 20,000 பேர் வரை இருக்கலாம் என்கிறார்கள். இவர்களுக்கு வழிகாட்டியாகக் கூடவே இருந்தவன் அர்மினியுஸ். செருஸ்கி என்ற ஜெர்மானியக் குடியின் தலைவன் மகன். ரோமப் படையில் வேலை பார்த்து, ரோமக் குடியுரிமையும் வாங்கி, வாருஸின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அவனே காட்டுக்குள் படையை இழுத்துவிட்டு, ஒளித்து வைத்திருந்த கூட்டத்தை ஏவினான். மழை, சேறு, மரங்கள். நீண்ட வரிசையாகப் போன படையால் அணிவகுத்து நிற்கவே முடியவில்லை. சில நாட்களில் மூன்று லீஜியன்களும் அழிந்தன. வாருஸ் தன் வாளிலேயே விழுந்து உயிரை விட்டார். சேதி கேட்ட அகஸ்டஸ் மாதக்கணக்கில் முடி வெட்டாமல், தலையைக் கதவில் மோதிக்கொண்டு அழுதார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மூன்று எண்களை ரோமானியர்கள் அதன்பிறகு வேறு எந்தப் படைக்கும் வைக்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து ஜெர்மானிக்குஸ் என்ற தளபதி அந்த இடத்துக்கு வந்து, சிதறிக் கிடந்த எலும்புகளைப் புதைத்தார். அதோடு சரி. பிறகு காடு மூடியது, இடம் மறந்தது.

பல நூற்றாண்டு கழித்துப் பழைய லத்தீன் ஏடுகள் கிடைத்தபோது ஜெர்மானியர்களுக்கு அர்மினியுஸ் பெரிய வீரனாகிவிட்டான். 1875இல் டெட்மோல்ட் நகருக்குப் பக்கத்தில் மலைமேல் வாளை ஓங்கிய அவன் சிலையை ஐம்பது மீட்டருக்கும் மேலான உயரத்தில் எழுப்பிவிட்டார்கள். சிலை எழுந்ததே தவிர, சண்டை நடந்த இடம் யாருக்கும் தெரியாது. ஊருக்கு ஒரு வாத்தியார், ஒரு பாதிரியார் என்று ஆளாளுக்கு எங்கள் ஊரில்தான் என்று எழுதினார்கள். இப்படிச் சொல்லப்பட்ட இடங்கள் எழுநூறு என்று ஒரு கணக்கு. ஸ்தல புராணம் எழுதுவது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அந்தக் கூட்டத்தில் தியோடர் மொம்சன் ஒருவர்தான் காசுகளைப் பார்த்தார். பெரிய வரலாற்று அறிஞர். பின்னால் 1902இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். கால்க்ரீஸ வட்டாரத்தில் உழவர்கள் ஏர் ஓட்டும்போது ரோமக் காசுகள் கிடைத்துக்கொண்டிருந்தன. அங்கிருந்த ஒரு ஜமீன் குடும்பம் அவற்றைச் சேர்த்து வைத்திருந்தது. எல்லாம் அகஸ்டஸ் காலம் வரை உள்ளவை. பிற்காலக் காசுகள் ஏறக்குறைய இல்லை. சண்டை நடந்தது இங்கேதான் என்று 1885இல் மொம்சன் எழுதினார்.

மற்றவர்கள் ஒரே கேள்வியில் அவரை மடக்கினார்கள். காசு இருந்தால் படை வந்தது என்று ஆகிவிடுமா? வியாபாரி போட்டுவிட்டுப் போயிருக்கலாமே?

அந்தக் கேள்வியின் நியாயம் நமக்குத்தான் நன்றாகப் புரியும். கரூர் அமராவதி ஆற்று மணலிலும் கோவை வட்டாரத்துக் காடுகளிலும் கிடைக்காத ரோமக் காசா? பானை பானையாக எடுத்திருக்கிறார்கள். அதற்காக ரோமப் படை நொய்யல் கரையில் கூடாரம் போட்டது என்று யாராவது சொல்வார்களா? மிளகுக்கும் முத்துக்கும் பச்சைக்கல்லுக்கும் வந்த காசு அது. காசுக்குக் கால் உண்டு. எங்கே வேண்டுமானாலும் போகும். மொம்சன் கட்சி அப்படியே நூறு வருஷம் தோற்றுப்போன வழக்காகக் கிடந்தது.

1987இல் டோனி கிளன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஆஸ்னபுரூக்கில் இருந்த பிரிட்டிஷ் முகாமுக்கு மாற்றலாகி வந்தார். ஓய்வு நேரத்தில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வயலில் சுற்றுவது அவருடைய பொழுதுபோக்கு. வந்தவர் நேராக வயலுக்குப் போகவில்லை. அந்த வட்டாரத்தின் தொல்லியல் அதிகாரி வொல்ஃப்காங் ஷ்லூட்டரைப் போய்ப் பார்த்து, ரோமானியர் தடயம் தேட ஆசை, எங்கே தேடலாம், அனுமதி கிடைக்குமா என்று கேட்டார். தொல்லியல்காரர்களுக்கு டிடெக்டர் ஆட்கள் என்றாலே ஆகாது. ஆனாலும் ஷ்லூட்டர் பழைய காசுகள் கிடைத்த இடங்களைச் சொல்லி, கால்க்ரீஸ பக்கம் பார்க்கச் சொன்னார்.

கிளன் செய்த அடுத்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய வரைபடங்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காசு கிடைத்த இடங்களைக் குறித்தார். பழைய பாதை எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தார். தெற்கே குன்று, வடக்கே பெரிய சதுப்பு நிலம். நடுவில் மணல்பாங்கான குறுகலான மேடு. படை போனால் அந்த இடுக்கில்தான் போயாக வேண்டும். அங்கிருந்த உழவர்களிடம் பேசினார், நடந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் காதில் ஹெட்போனை மாட்டினார். ஜூலை மாதம் முதல் வெள்ளிக்காசு கிடைத்தது. தெனாரியஸ் என்று அதற்குப் பெயர். தொடர்ந்து தேடியதில் அந்த வயலில் மட்டும் நூற்றுக்கும் மேல். கிடைத்த இடத்தையெல்லாம் குறித்து ஷ்லூட்டரிடம் ஒப்படைத்தார்.

டிடெக்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. வட்டமான கம்பிச்சுருளில் மாறுமின்சாரம் ஓடும். அதனால் எழும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கும். உள்ளே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி எதிர்க்காந்தம் எழும்; அதைக் கருவி ஒலியாக்கிக் காதில் சொல்லும். டெலிபோன் கண்ட கிரகாம் பெல்லே 1881இல் இப்படி ஒன்றைச் செய்து, சுடப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டின் உடம்பில் குண்டு எங்கே என்று தேடினார். கட்டிலில் இருந்த உலோகக் கம்பிகள் குழப்பியதும் ஒரு காரணமாகக் கண்டுபிடிக்க முடியவில்லை, பாவம். இரண்டாம் உலகப்போரில் போலந்து அதிகாரி கொசாட்ஸ்கி கண்ணிவெடி தேட உருவாக்கிய கருவிதான் பிறகு வயலுக்கு வந்தது. சாதாரணக் கருவி ஒரு காசை ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழம் வரைதான் காணும். ஆணி, பாட்டில் மூடி, டிராக்டர் உதிரி எல்லாவற்றுக்கும் கத்தும். நாள் முழுக்க குனிந்து நிமிர வேண்டும்.

வெள்ளிக்காசுகள் கிடைத்தும் பழைய கேள்வி அப்படியே நின்றது. வியாபாரியின் பை அவிழ்ந்து கொட்டியிருக்கலாம் அல்லவா? 1988இல்தான் கிளன் மூன்று ஈயத் துண்டுகளை எடுத்தார். பார்க்க ஒன்றுமில்லை. ஷ்லூட்டரிடம் காட்டினார். கவண் குண்டுகள்! நம் ஊரில் சோளக்காட்டுப் பரண்மேல் நின்று கிளி விரட்டக் கல் எறிவார்களே, அந்தக் கவண்தான். ரோமப் படையில் கவண்காரர்கள் தனியாகவே உண்டு. ஈயத்தை அச்சில் வார்த்து எறிவார்கள். எந்த வியாபாரியும் மூட்டையில் கவண் குண்டு கட்டிக்கொண்டு வரமாட்டான். வந்தது படைதான் என்பது அந்த மூன்று துண்டுகளால் உறுதியானது.

1989இல் அகழாய்வு தொடங்கியது. சீக்கிரமே அந்த முகமூடி கிடைத்தது. இரும்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்தியிருந்திருக்கிறது. சண்டை முடிந்ததும் வென்றவர்கள் வெள்ளியைப் பிய்த்துக்கொண்டு இரும்பை வீசிவிட்டுப் போயிருக்கிறார்கள். இதுவரை கிடைத்த பொருட்கள் ஐயாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை துண்டு துணுக்குகள். ஈட்டி முனை, கச்சைக் கொக்கி, செருப்பாணி, வைத்தியரின் கருவிகள். வாருஸ் பெயரின் முதல் மூன்றெழுத்தை முத்திரையாகக் குத்திய செப்புக்காசுகளும் உண்டு. கி.பி. 9க்குப் பிறகு அடித்த காசு என்று அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. கோவேறு கழுதை ஒன்றின் எலும்புக்கூடு கழுத்து மணியோடு கிடந்தது. மணி ஒலிக்காமலிருக்க உள்ளே புல்லைத் திணித்திருந்தார்கள். வரைபடமும் முகமூடியும் செய்யாததை அந்த மணி எனக்குச் செய்தது. அந்தக் கழுதையை ஓட்டியவனுக்கு உயிர்ப்பயம் இருந்தது என்பது அதில் தெரிகிறது.

குழிகளில் மனித எலும்புகளும் கழுதை எலும்புகளும் கலந்து கிடந்தன. சில வருஷம் வெட்டவெளியில் கிடந்து, பிறகு புதைக்கப்பட்டவை என்று ஆய்வில் தெரிந்தது. ஜெர்மானிக்குஸ் வந்து புதைத்த சேதி நினைவுக்கு வருகிறதல்லவா?

இவ்வளவும் ஏன் மிஞ்சின என்பதற்கு ஒரு காரணம் உண்டு. மணல் நிலத்துக்கு எரு போதாமல், அந்த ஊர் உழவர்கள் புல்கரணைகளை வெட்டித் தொழுவத்தில் பரப்பி, சாணியோடு கொண்டுபோய்த் தலைமுறை தலைமுறையாக வயலில் கொட்டினார்கள். பல இடங்களில் பழைய நிலமட்டம் அந்த எருமண்ணுக்கு அடியில் பத்திரமாகப் போய்விட்டது. கலப்பை அங்கே எட்டவில்லை.

எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இது வாருஸ் சண்டை அல்ல, சில வருஷம் கழித்து ஜெர்மானிக்குஸ் நடத்திய சண்டை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அங்கே கண்ட மண்கரையைக் கட்டியது ஜெர்மானியரா ரோமானியரா என்பதிலும் ஒத்த கருத்து இல்லை. நாங்கள் போன அந்த 2022இல்தான் இன்னொரு சான்று வந்தது. படைகளில் உலோக வேலை செய்யும்போது பழைய பித்தளையை உருக்கி உருக்கி வார்ப்பதால், ஒவ்வொரு லீஜியனின் உலோகத்திலும் சிறுசிறு கலப்புகள் ஒரு தனி அடையாளமாகச் சேர்ந்துவிடுமாம். 19ஆம் லீஜியன் முன்பு தங்கியிருந்த டாங்ஸ்டெட்டன் முகாமின் பொருட்களும் கால்க்ரீஸ பொருட்களும் அந்தக் கணக்கில் ஒத்துப்போகின்றன என்று சொன்னார்கள். எனக்கு மொம்சன் கட்சிதான் சரியென்று படுகிறது. நான் சொல்லி என்ன ஆகப்போகிறது!

கிளனுக்குப் பிரிட்டிஷ் அரசு விருது கொடுத்தது. ஓய்வுக்குப் பிறகும் அந்த வயல்களை விடாமல் சுற்றிவந்தவர் 2014இல் காலமானார்.

எல்லோரும் கிளனாக இருப்பதில்லை. அதே மாநிலத்தில் ஹார்ட்ஸ்ஹார்ன் என்ற குன்றில் 2000ஆம் ஆண்டு இருவர் அனுமதியில்லாமல் தேடினார்கள். பழைய கோட்டை ஏதாவது அகப்படுமா என்று போனவர்களுக்குச் சில இரும்புச் சாமான்கள் அகப்பட்டன. ஒன்று மெழுகுவர்த்தித் தாங்கி என்று நினைத்து வீட்டில் வைத்திருந்தார்கள். அது ரோமானியக் குதிரைச் செருப்பு என்று தெரிந்து, தொல்லியல் அலுவலகத்தில் ஒப்படைத்தது 2008இல். அதன்பிறகு தோண்டியதில் கி.பி. 235 வாக்கில் நடந்த ஒரு பெரிய சண்டையின் களம் வெளிவந்தது. வாருஸ் தோல்விக்குப் பிறகு ரோமானியர் அவ்வளவு உள்ளே போனதே இல்லை என்று சொல்லிவந்த பாடம் மாறியது. எட்டு வருஷம் அந்தச் சேதி ஒருவர் வீட்டு அலமாரியில் கிடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 2010இல் கம்ப்ரியா பகுதி கிராஸ்பி காரெட் கிராமத்தில் ஓர் இளைஞருக்கு ரோமானியக் குதிரைவீரனின் தலைக்கவசம் கிடைத்தது. முகத்தோடு கூடியது, உச்சியில் சிறகுள்ள மிருகம். அதைவிட அழகான ஒன்றை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. தங்கமோ வெள்ளியோ இல்லாத தனிப்பொருள் என்பதால் அன்றைய புதையல் சட்டத்துக்குள் அது வரவில்லை. ஒட்டவைத்து மெருகேற்றி ஏலத்துக்குப் போனது. உள்ளூர் அருங்காட்சியகம் ஊரெல்லாம் பணம் திரட்டியும் எட்டவில்லை. சுமார் 23 லட்சம் பவுனுக்கு யாரோ தனியார் எடுத்துக்கொண்டார். இந்த ஓட்டையை அடைக்க அவர்கள் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2023இல்.

நம் சட்டம் 1878ஆம் வருஷத்தது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இதை நான் மனப்பாடமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

1974. வேலைக்குச் சேர்ந்த புதிது. கோவை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். கிணறு வெட்டும்போது காசுப் பானை கிடைத்ததாக மேலிடத்துக்கு மொட்டைக் கடுதாசி போயிருந்தது. கிடைத்த இடத்தை அளந்து புலப்படத்தில் குறித்து வரும்படி எனக்கு உத்தரவு. சங்கிலியோடு போனேன். கர்ணம், தலையாரி, தோட்டக்காரர், கிணறு வெட்டிய ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். இடத்தைக் காட்டத்தான் ஆளில்லை. "எந்தக் காசுங்க? ஆரோ ஆகாதவன் எழுதிப்போட்டிருக்கிறானுங்க" என்றார் தோட்டக்காரர். அதற்குள் பானை உடைந்து, காசு பங்காகி, பாதிக்கு மேல் பட்டறையில் உருகியே போய்விட்டது என்று பிறகு தெரிந்தது.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கிணறு வெட்டும் பையன் ஒருவன் பக்கத்தில் வந்து, மடியிலிருந்து எடுத்து ஒரே ஒரு தடவை உள்ளங்கையைத் திறந்து காட்டினான். சின்ன வெள்ளிக்காசு. ஒரு பக்கம் ஒரு தலை. மறுபக்கம் இரண்டு பேர் நிற்க, நடுவில் கேடயமும் ஈட்டியும். "ராமர் லட்சுமணருங்களா?" என்று கேட்டான். எனக்கும் தெரியாது. எங்கேடா கிடைத்தது என்றேன். கையை மூடிக்கொண்டு போய்விட்டான்.

கால்க்ரீஸ அருங்காட்சியகத்தில் மகள், "அப்பா, நேரமாச்சு" என்று கூப்பிட்டபோது காசுகள் இருந்த கண்ணாடிப் பேழையைத் தாண்டிக்கொண்டிருந்தேன். அங்கே அதே இரண்டு பேர். கேடயம், ஈட்டி, எல்லாம் அப்படியே. அகஸ்டஸின் பேரன்கள், கையுஸும் லூசியுஸும். இருவரும் இளவயதிலேயே இறந்துபோனவர்கள். இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்து அக்கசாலையில் அடித்தது. ஒரு கை அதைச் சிப்பாய்க்குச் சம்பளமாகக் கொடுத்திருக்கிறது, இன்னொரு கை மிளகுக்காகக் கப்பலேற்றியிருக்கிறது. அங்கே கிடைத்த காசுகளுக்குப் புல எண்ணிலிருந்து ஆழம் வரை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் அன்று கொடுத்த புலப்படத்தில் கிணற்றை மட்டும் சரியாக அளந்து போட்டேன். காசு கிடைத்த இடம் என்று குறிக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. மைபோட்டுக் கொடுக்கும்போது அதையும் அழித்துவிடச் சொன்னார் மேலதிகாரி. அழித்துவிட்டேன்.